அண்ணிக்குப் போய்ச் சேராத வாக்கியங்கள்

அத்தியாயம் பதினொன்று

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. இந்த வாரம்தான் முதல் தடவையாகப் படிக்கிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

வீட்டின் மூத்த பிள்ளை கிரேன் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் இரும்பு உத்தரம் ஒன்று சரிந்து அவன் வலது காலை நசுக்கிவிட்டது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தோடு கிடக்கிறான். அவன் மனைவி, துணி வெளுக்கும் கடையில் தையல் வேலை பார்ப்பவள், பிரெஞ்சு பேசும் ஊரிலிருந்து வந்தவள். ஆஸ்பத்திரியில் எல்லாம் ஆங்கிலம். வீட்டில் எல்லாம் தமிழ். மூன்றுக்கும் நடுவே நிற்பவள் அவனுடைய தங்கை.

தங்கையை வீட்டில் 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசியதால் அண்ணன் வைத்த பெயர் அது. பின்னாளில் ஆங்கிலச் சொற்களுக்குப் பிரெஞ்சு எழுதும் வேலையே அவளுக்கு அமைந்தபோது, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவனும் அவன்தான்.

விபத்தைக் கேள்விப்பட்ட நாளில் அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மயங்கி விழுந்தாள். அம்மா பயந்துபோனாள். "இனிமே அவகிட்ட எதையும் பட்டுனு போட்டு உடைக்காதே. பக்குவமாச் சொல்லு" என்றாள்.

அகராதி பக்குவமாகவே சொல்லி வந்தாள். எவ்வளவு பக்குவம் என்பது அவளுக்கே தெரிந்தது இன்று காலையில்தான்.

*

அகராதியின் அலுவலகம் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை நடுங்கும். தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் குடிக்க வேண்டும். அங்கே தயாராகிக்கொண்டிருந்தது சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு புத்தகம். அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களும் சொல்வழக்குகளும் ஒரு பக்கம், அவற்றுக்கான பிரெஞ்சு மறுபக்கம். பிழைக்கப் போகிறவர்களும் ஊர் சுற்றப் போகிறவர்களும் வாங்குவார்கள்.

பதிப்பாளரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். ஒன்று மூக்கின்மேல், ஒன்று நெற்றியில், ஒன்று எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். அவருக்குப் பிரெஞ்சு அரைகுறைதான். ஆனாலும் ஒவ்வொரு வரியையும் சத்தம்போட்டுக் கேட்டுத் திருப்தியான பிறகே அச்சுக்கு விடுவார்.

"இங்கிலீஷ்காரனுக்குப் பூனையும் நாயுமா மழை பெய்யும். பிரெஞ்சுக்காரனுக்கு?"

"கயிறு கயிறாப் பெய்யும் சார்."

"நியாயமாத்தான் இருக்கு. இங்கிலீஷ்காரன் தொண்டையில தவளை. இவன் தொண்டையில?"

"பூனை."

"வேற வேலை இருக்குன்னு சொல்ல இங்கிலீஷ்காரன் வறுக்க வேற மீன் இருக்குங்கறான். இவன்?"

"சாட்டையால அடிக்க வேற பூனை இருக்குன்னு சொல்வான்."

கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "அவன் மீனை வறுக்கறான், சரி, பசி. இவன் எதுக்கும்மா பூனையை அடிக்கறான்? தொண்டையில ஏறினதுக்கா?"

அகராதிக்குப் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

அடுத்த வரியை வாசிக்க வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அவளும் எட்டிப் பார்த்தாள். யானை விலை என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் 'ஒரு கையும் ஒரு காலும் விலை' என்பார்கள். பிரெஞ்சில் 'தலையில் இருக்கிற கண்கள் விலை'.

"இதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தாளைப் புரட்டிவிட்டார். அவளுடைய அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியும்.

அடுத்தது 'ஆஸ்பத்திரியில்' என்ற பகுதி. போன வாரம் அவள் எழுதிக் கொடுத்தது. ஒரு வரியில் அவர் விரல் நின்றது. மூக்கின்மேல் இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டு நெற்றியில் இருந்ததை இறக்கிக்கொண்டார்.

"நோயாளியின் நிலைமை மோசம்னு இங்கிலீஷ்ல இருக்கு. நீ பிரெஞ்சுல என்ன போட்டிருக்க? எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுக்கே இது வேற மாதிரி இருக்கே."

அகராதி பார்த்தாள். 'நோயாளியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது' என்று இருந்தது. அவள் கையெழுத்துதான்.

"சரி, இதுக்குக் கீழ? உயிருக்கு ஆபத்துங்கறதுக்கு?"

'இன்னும் ஓய்வு தேவைப்படுகிறது.'

"சார், எனக்கே தெரியல. கை தானா எழுதியிருக்கு."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன், வார்த்தைக்கு வார்த்தை போடாதே, அந்த இடத்துல நிக்கற பிரெஞ்சுக்காரன் என்ன சொல்வானோ அதைப் போடுன்னு. இது அவன் சொல்றது இல்லம்மா. கேக்கறவனுக்கு எது இனிப்பா இருக்குமோ அது. இந்தப் புத்தகத்தை நம்பி ஒருத்தன் முன்னப்பின்ன தெரியாத ஊர் ஆஸ்பத்திரியில நிப்பான். அவன் பொழப்பு என்ன ஆகும்?"

அவள் பதில் சொல்வதற்குள் மேசைமேல் இருந்த அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். டாக்டர் உடனே பார்க்க வேண்டுமாம். நோயாளியின் மனைவியும் வர வேண்டும், பேசுகிற பெண்ணும் வர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் அதுதான். பேசுகிற பெண்.

*

அண்ணி அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். தரையோடு திருகி வைத்த நாற்காலி வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப் பை. அதிலிருந்து அண்ணனின் சவரக் கத்தியும் தேய்த்து மடித்த நீலச் சட்டையும் எட்டிப் பார்த்தன.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்று பிரெஞ்சில் கேட்டாள் அகராதி.

"நீதானே சொன்ன, இந்த வாரத்துக்குள்ள கண்ணைத் திறந்துடுவார்னு. தாடியோட இருந்தா அவருக்குப் பிடிக்காது."

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. இன்னும் காட்டை விட்டு வெளியே வரவில்லை என்றுதான் சொன்னார். ஆபத்து நீங்கவில்லை என்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். பிரெஞ்சில் அதற்கு இன்னும் சத்திரத்தை விட்டு வெளியே வரவில்லை என்பார்கள். காடு, சத்திரம் இரண்டையும் விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறார் என்று அவள் சொல்லியிருந்தாள். இந்த வாரம் கண் திறப்பார் என்பது அண்ணியின் முகத்தைப் பார்த்துக் கடைசியில் சேர்த்தது.

அம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் கெட்ட செய்தி வரும் என்று ஒரு நினைப்பு.

டாக்டர் ஒரு பெண்மணி. வேகமாக நடப்பார், நின்றால் நகர மாட்டார். மூன்று பேரையும் ஒரு சின்ன அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"நான் சுத்தி வளைக்கப் போறதில்ல" என்றார் ஆங்கிலத்தில். "கால்ல கிருமி முழங்காலைத் தாண்டிடுச்சு. ரத்தத்துல கலக்க ஆரம்பிச்சிருக்கு. மருந்து கேக்கல. முழங்காலுக்கு மேல காலை எடுத்தாகணும். இன்னிக்கே. எடுக்கலன்னா அவர் செத்துடுவார். சாரி."

அகராதி அண்ணியின் பக்கம் திரும்பினாள். கிருமி பரவியதைச் சொன்னாள். மருந்து கேட்கவில்லை என்றாள். காலை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டாள். அதற்கு மாற்றுச் சொல் இல்லை. பிரெஞ்சில் அந்தச் சொல் கத்திரிக்கோல் மாதிரி வெட்டிக்கொண்டு வந்தது.

அண்ணியின் உதடு வெளுத்தது. கை நாற்காலியைத் தேடியது.

அகராதிக்கு வராந்தாவில் விழுந்த அண்ணி கண்முன் வந்தாள். கடைசி வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரும்போது வேறாக இருந்தது.

"எடுத்துட்டா சீக்கிரம் குணமாயிடும்னு சொல்றாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. காலையில் கண்ணாடிக்காரரின் விரல் நின்ற அதே இடம்.

அண்ணி மெதுவாக நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியது. ஏதோ கணக்குப் போட்டு முடித்தவள் போல நிதானமாகப் பேசினாள்.

"சீக்கிரம் குணமாகறதுக்கா? எதுக்குச் சீக்கிரம்? நிதானமா ஆறட்டும். எனக்கு அவசரம் இல்ல. அவர் கிரேன்மேல ஏறி வேலை பார்க்கறவர். தேறிக்கிட்டு வர்ற மனுஷனோட காலை எதுக்கு வெட்டணும்? வேண்டாம்னு சொல்லு."

பிறகு டாக்டரைப் பார்த்து அவளே தலையை ஆட்டினாள். "நோ."

அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் அகராதியைப் பார்த்தார். "நான் சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சுதா? எல்லாமே?"

"கொஞ்சம் டைம் குடுங்க டாக்டர். நான் பேசறேன்."

"மத்தியானம் வரைக்கும்தான். அதுக்கு மேல கத்தியைக் கையில எடுத்தும் பிரயோஜனம் இருக்காது." போகும்போது அண்ணியின் தோளைத் தொட்டார். "ஐ ஆம் சாரி" என்றார் மறுபடியும்.

*

மாடிப்படி வளைவில் அம்மாவும் பெண்ணும் நின்றார்கள். டாக்டர் சொன்னதையெல்லாம் அகராதி வழியிலேயே அம்மாவிடம் தமிழில் சொல்லியிருந்தாள். ஈரத் துடைப்பத்தோடு ஒரு பெண்மணி படியைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போகும்வரை காத்திருந்தார்கள்.

"அவ ஏன்டி வேண்டாங்கறா? புருஷன் சாகட்டும்னா?"

"அவங்களுக்குச் சாவுன்னே தெரியாதும்மா. நான் சொல்லல."

"இப்பகூடவா?"

"இப்பவும் சொல்லல. வாய் வரல."

அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று அகராதி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, விடு. நான் சொல்றதைக் கேளு. டாக்டர் மனசு மாறிட்டாங்க, காலை எடுக்கல, புண்ணை மட்டும் அறுத்துச் சுத்தம் பண்றாங்கன்னு சொல்லு. சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுடுவா."

"அம்மா!"

"என்ன அம்மா? அவகிட்ட இப்ப போய் இத்தனை நாளும் பொய் சொன்னேன்னு உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ண நேரம் இருக்கா? மத்தியானம் வரைக்கும்தான்னு நீதானே சொன்ன?"

"கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போய்ப் போர்வையை விலக்கிப் பார்க்கும்போது?"

"அப்ப என் புள்ள உசுரோட இருப்பான். உசுரோட இருக்கறவன் கட்டிலைச் சுத்தி நின்னு எவ்வளவு சண்டை வேணும்னாலும் போடட்டும். என் தலைமுடியைப் பிடிச்சு இழுக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அம்மா சொன்னதில் ஓட்டை எதுவும் அகராதியின் கண்ணுக்குப் படவில்லை. ஒரே ஒரு வாக்கியம். இத்தனை நாள் சொன்னவற்றோடு இன்னும் ஒன்று. அதற்குப் பிரெஞ்சு ஏற்கெனவே மனதில் தயாராகி நின்றது, கொஞ்சமும் பிசிறில்லாமல்.

"போடி. நிக்காதே."

*

அண்ணி அதே நாற்காலியில்தான் இருந்தாள். சட்டையை வெளியே எடுத்து, கசங்கிய காலரை விரலால் நீவி, மறுபடி மடித்துப் பையில் வைத்தாள். ஜன்னலுக்குக் கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் யாரோ ஒரு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அகராதி பக்கத்தில் உட்கார்ந்தாள். வாக்கியம் வாயில் இருந்தது.

"அண்ணி, டாக்டர் மறுபடி யோசிச்சு..."

"இரு. முதல்ல நான் ஒண்ணு கேக்கறேன்." அண்ணி வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாரிங்கற வார்த்தை எனக்குத் தெரியும். கடையில பட்டன் அறுந்து போச்சுன்னா சொல்லணும், கறை போகலன்னா சொல்லணும்னு முதல் நாளே முதலாளி கத்துக்குடுத்துட்டார். டாக்டர் அதை ரெண்டு தடவை சொன்னாங்க. உன் பிரெஞ்சுல அது ஒரு தடவைகூட வரல."

"அது... காலை எடுக்கணும்கறதுக்காக..."

"முந்தாநாளும் சொன்னாங்க. அதுக்கு முன்னாடியும் சொன்னாங்க. அப்ப காலைப் பத்திப் பேச்சே இல்ல. தேறிக்கிட்டு வர்றவரோட பொண்டாட்டிகிட்ட எதுக்கு வந்து வந்து சாரி சொல்றாங்க?"

அகராதி பையில் தெரிந்த நீலச் சட்டையைப் பார்த்தாள்.

"நான் என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன். இந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் சொல்ற வார்த்தைதானேன்னு." இப்போதுதான் அண்ணி திரும்பினாள். "பூனையைப் பூனைன்னு சொல்லு."

அது பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது. உள்ளதை உள்ளபடி சொல் என்று அர்த்தம். கண்ணாடிக்காரரின் புத்தகத்தில் இன்னும் ஏறாத வழக்கு.

மாடிப்படிக் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் முகம் தெரிந்தது. சொல்லு, சொல்லு என்று கையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"காலை எடுக்கலன்னா அவர் செத்துடுவார்" என்றாள் அகராதி. "டாக்டர் சொன்ன கடைசி வாக்கியம் அதுதான். சீக்கிரம் குணமாகும்னு நான்தான் மாத்திச் சொன்னேன்."

அண்ணி விழவில்லை. கையை மட்டும் பைமேல் அழுத்தி வைத்தாள்.

"முந்தாநாள்?"

"ரத்தத்துல கிருமி கலந்தா நம்ம கையில இல்லன்னு சொன்னாங்க. ரத்தம் சுத்தமாகிட்டு வருதுன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி, நீல உடுப்புப் போட்ட இளம் டாக்டர்?"

"கால்விரல்ல உணர்ச்சி இல்லன்னு சொன்னார். நான்... தூங்கறார்னு சொன்னேன்."

"இந்த வாரம் கண்ணைத் திறப்பார்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல."

அண்ணி ஒன்று விடாமல் கேட்டாள். எந்த டாக்டர், எந்த இடம், அவர் கையைக் கட்டியிருந்தாரா, கடிகாரத்தைப் பார்த்தாரா என்று அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. மொழி புரியாதவள் என்பதால் மற்ற அத்தனையையும் கவனித்திருந்தாள். அகராதி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். முதலில் டாக்டர் சொன்னது, பிறகு தான் சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும்போது எந்த இடத்திலும் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

"ஏன்?" என்றாள் அண்ணி கடைசியில்.

"முதல் நாள் மயங்கி விழுந்தீங்களே. தாங்க மாட்டீங்கன்னு நினைச்சோம்."

"அன்னிக்குக் காலையிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடல. கடையிலேர்ந்து அப்படியே ஓடி வந்தேன். அதான் விழுந்தேன்." அண்ணி ஒரு மாதிரி சிரித்தாள். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "ஒரு ரொட்டித் துண்டு குடுத்திருந்தா போதும். நீங்க எனக்குக் காதே இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்க."

"மன்னிச்சுடுங்க அண்ணி."

"மத்தியானத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"அதிகம் இல்ல."

"இப்ப நீ சொல்றது மட்டும் நிஜம்னு நான் எதை வச்சு நம்பறது? அவர் காலை வெட்டணும்னா என்ன சொல்லணுமோ அதைத்தானே இப்ப நீ சொல்ற?"

அகராதி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்றாள்.

"வாங்க. நீங்களே பாருங்க."

*

நர்ஸ் முதலில் மறுத்தாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு முகமூடியை எடுத்து நீட்டினாள்.

அண்ணன் வாயில் குழாயோடு படுத்திருந்தான். கன்னத்தில் ஒருவாரத் தாடி. தலைமாட்டில் இயந்திரம் அவனுக்குப் பதிலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் காலடியில் போர்வையை விலக்கி, கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். பாதிக்கு மேல் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. முகமூடியைத் தாண்டி வாடை வந்தது. உள்ளே இருந்த நிறம் காலுக்கு உரிய நிறம் அல்ல.

அகராதி திரும்பிக்கொண்டாள். அண்ணி திரும்பவில்லை. குனிந்து பார்த்தாள். இன்னும் தோல் நிறத்தோடு இருந்த தொடைப் பகுதியில் உள்ளங்கையை வைத்தாள். துணியில் எங்கே வெட்டலாம் என்று பார்க்கிற தையல்காரியின் கை அது. கொதித்திருக்க வேண்டும், சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

இதை அகராதி ஆங்கிலத்தில் சொல்வதற்குள் நர்ஸுக்குப் புரிந்துவிட்டது.

*

அண்ணனைத் தள்ளிக்கொண்டு போன பிறகு மூவரும் நாற்காலி வரிசையில் இருந்தார்கள். இந்தத் தடவை அம்மாவும் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு நாற்காலி விட்டு அண்ணி உட்கார்ந்தாள். ஒருமுறை எழுந்து ஜன்னலோரம் போய்ப் போனில் நெடுநேரம் பேசினாள். குரல் உயரவே இல்லை. எதிர்முனையில் பேசியவர்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும்.

"உண்மையைச் சொல்லிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நான் சொல்லச் சொன்னேன்னும் சொல்லிட்டியா?"

"நீ முதல் நாள் பக்குவமாச் சொல்லுன்னு ஒரு தடவைதான் சொன்னம்மா. மிச்சமெல்லாம் நானே பண்ணினது."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இயந்திரத்தில் காசு போட்டு அகராதி மூன்று தேநீர் எடுத்து வந்தாள். அண்ணி தன் கோப்பையை வாங்கி நாற்காலிக்குக் கீழே வைத்தாள். குடிக்கவில்லை.

வெயில் தரையில் நகர்ந்து எதிர்ச்சுவரில் ஏறிய பிறகு டாக்டர் வந்தார். தலையில் இன்னும் அந்தக் காகிதக் குல்லாய்.

"காலை எடுத்தாச்சு. நடுவுல ஒரு தடவை இதயம் நின்னு போச்சு, மறுபடி ஓட வச்சிருக்கோம். கிருமி முழுசாப் போச்சான்னு இப்பச் சொல்ல முடியாது. ஒரு நூல்ல தொங்கிக்கிட்டிருக்கு. இன்னும் முன்னாடியே சம்மதம் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். சாரி."

அகராதி திரும்பினாள். ஆரம்பத்திலிருந்து சொன்னாள். இதயம் நின்றதைச் சொன்னாள். நூலில் தொங்குவதைப் பிரெஞ்சிலும் நூலில்தான் தொங்கவிடுவார்கள், அதையும் சொன்னாள். முன்னாடியே சம்மதம் கிடைத்திருந்தால் என்பது அவளையே சுட்டியது. ஆனாலும் சொன்னாள். சாரியையும் சொன்னாள்.

அண்ணி டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். டாக்டர் போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணி. ஒரு வார்த்தைகூட விடல."

"இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?"

அதில் கோபம் இல்லை. விலை கேட்பதுபோல் கேட்டாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பேசினாள், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடம் விட்டு. அகராதிக்கு எழுதிக்கொள்ள நேரம் கொடுப்பவளைப்போல.

"என் அக்காகிட்டப் பேசிட்டேன். நாளைக்கு வர்றா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். இனிமே டாக்டர்கிட்ட அவதான் பேசுவா, நீ வேண்டாம். அவர் பிழைச்சா அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்க வீட்டுக்கு வர மாட்டோம். பிழைக்கலன்னாலும் அங்கதான் கொண்டு போவேன். உங்க அம்மாகிட்ட சொல்லு."

அகராதி அண்ணியின் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லு. நான் இங்கயே நிக்கறேன்."

அம்மா இரண்டு நாற்காலி தள்ளி, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி இவ்வளவு நேரம் பேசறா? பசிக்குதாமா? ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அண்ணி சொன்னதையும் அம்மாவுக்குத் தக்கபடிதான் அகராதி சொல்லி வந்திருக்கிறாள். சமையலறையில் என் பின்னாலேயே நிற்க வேண்டாம் என்று அண்ணி சொன்னால், உங்களுக்குக் கால் வலிக்கும் உட்காருங்கள் என்கிறாள் என்பாள். அம்மாவும் பூரித்துப்போய் உட்கார்ந்துகொள்வாள். மாமியாரும் மருமகளும் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று பக்கத்து வீட்டார் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

"அம்மா" என்றாள் அகராதி. "நாளைக்கு அண்ணியோட அக்கா வர்றாங்களாம். இனிமே டாக்டர்கிட்ட அவங்க பேசிப்பாங்களாம், நான் வேண்டாமாம். அண்ணன் பிழைச்சா அங்க கூட்டிட்டுப் போயிடுவாங்களாம், நம்ம வீட்டுக்கு வர மாட்டாங்களாம்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "பிழைக்கலன்னாலும் அங்கதான் கொண்டு போவாங்களாம்."

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் மகளின் வாயையே பார்த்தாள். எதுவும் வரவில்லை.

"பிழைக்கலன்னாலுமா?"

"ஆமாம்மா."

அம்மா நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அண்ணிக்குக் கேட்டுவிடப் போகிறது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

"அதைக் கொஞ்சம் வேற மாதிரி சொல்லேன்டி."

"வேற மாதிரி இல்லம்மா" என்றாள் அகராதி.